கடமான் தேர்ந்தெடுத்த தோட்டா

எங்கள் ஊரில் கடமானைச் சுடும் தோட்டாவைக் கடமானே தேர்ந்தெடுக்கும். பன்னிரண்டு வயது நிறைந்ததும் வேட்டை அலுவலகத்திலிருந்து அதற்கு அறிவிப்பு போகும். அறிவிப்பு போய்ச் சேரும்வரை அது. சேர்ந்த பிறகு அவர். பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதுவோம், நேரில் பேசும்போதும் அப்படித்தான் பேசுவோம்.

என் பெயர் நீலாவதி. பத்து வருடமாகத் தோட்டா நிரப்புகிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், முன்பு தேயிலைக் கிடங்காக இருந்த கட்டிடத்தில் என் மேசை இருக்கிறது. மேசைமேல் ஒரு தராசு, ஒரு கை அச்சு, மூன்று வெடிமருந்து டப்பாக்கள். கடையில் பெட்டியில் வரும் தோட்டாக்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். கடமான்கள் அப்படி இருப்பதில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கையால் நிரப்புகிறோம்.

மூன்று புதன்கிழமைகள் அவர் வர வேண்டும். முதல் புதன் குண்டின் எடை. இரண்டாவது புதன் மருந்து. மூன்றாவது புதன் முடிந்த தோட்டாவைப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் குளம்பு பதித்துவிட்டுப் போவார். இடையில் ஒரு வெள்ளிக்கிழமை நகர மண்டபத்தில் குலுக்கல் நடக்கும். சுடப்போகிறவர் யார் என்று அதில் முடிவாகும். அவருக்கு ஒரே தோட்டா, ஒரே வெடி. பட்டால் இறைச்சி தெருத்தெருவாகப் பங்காகும். படாவிட்டால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். சுட்டவர் காட்டில் கடமானுடைய இடத்துக்குப் போவார். கடமான் சுட்டவருடைய வீட்டுக்கும் வேலைக்கும் வருவார். மறு அறிவிப்பு வரும்வரை அப்படியே. மூன்று வருடத்துக்கு முன் மருந்துக்கடை ஏகநாதன் தவறவிட்டார். இப்போது கடையில் அவருடைய கடமான்தான் இருக்கிறார். சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க அவருக்குக் கொஞ்சம் நேரமாகும். ஆனால் இதுவரை ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுத்ததில்லை.

இந்த வருடத்துக்காரர் நெல்லிப்பாறைச் சரிவிலிருந்து வந்தார். புதன்கிழமை பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். பத்து மணிக்கே வந்து வெளியில், பேருந்துக்காக நிற்கிறவர்களோடு நின்றிருக்கிறார். குதிரை உயரம். கழுத்து மயிர் கறுத்து, நனைந்திருந்தது. இடது கொம்பில் ஒரு கிளை முறிந்திருந்தது. வாசலில் பக்கவாட்டாகத் திரும்பி, கொம்பு நிலையில் இடிக்காமல் உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன். அவர்கள் உட்காருவதில்லை, ஆனால் சொல்ல வேண்டும்.

வெள்ளைத் துணியை விரித்து மூன்று குண்டுகளை வைத்தேன். எங்கள் மேசையில் இன்னும் குன்றிமணி எடைதான். முதலாவது எழுபத்தெட்டு குன்றிமணி, அடுத்தது தொண்ணூறு, கடைசி நூற்றைந்து.

மூன்றையும் மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

“காத்து அடிச்சா எது விலகும்?”

“லேசானதுதாங்க விலகும்.”

“எலும்புல பட்டா?”

“எழுபத்தெட்டு சில நேரம் உள்ளேயே உடைஞ்சிடும். நூத்தியஞ்சு உடையாது. நேரா போகும்.”

“அப்ப எதுக்கு எழுபத்தெட்டு வச்சிருக்கீங்க?”

“சிலருக்கு வேகம் பிடிக்கும். சத்தம் காதுல விழறதுக்கு முன்னாடி முடிஞ்சிடணும்னு நினைப்பாங்க.”

அவர் நூற்றைந்தின் மேல் மூச்சுவிட்டார். செம்பு உறை ஆவி படிந்து மங்கி, மறுபடி தெளிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று கேட்டார். பத்து வருடத்தில் வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.

“சுடறவருக்கு இது எப்படி இருக்கும்?”

“தோள்ல நல்லா இடிக்கும். ரெண்டு நாள் வலி இருக்கும்.”

“ரெண்டு நாள்தானே,” என்றார். மேலும் இருபது நிமிடம் யோசித்தார். நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் மூக்கால் நூற்றைந்தை என் பக்கம் தள்ளினார்.

பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். கிளம்புகிற நேரத்தில், கேட்காமலே, காரணத்தைச் சொன்னார்.

“எங்கம்மா பெட்டித் தோட்டா காலத்தவங்க. வயித்துல பட்டுச்சு. மூணு நாள் நடந்தாங்க. நானும் கூடவே நடந்தேன்.”

“நூத்தியஞ்சு அப்படி விடாதுங்க,” என்றேன்.

“அதான்,” என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டாகத் திரும்பி வெளியே போனார்.

அடுத்த புதன்கிழமை மருந்து பார்த்தோம். மூன்று டப்பாவிலிருந்தும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்து, இரும்புத் தட்டில் கொளுத்திக் காட்டினேன். தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் மருந்து எரிகிற வேகத்தைப் பொறுத்துத்தான் குண்டின் போக்கு இருக்கும். முதல் புகையை மோந்துவிட்டு, பள்ளிக்கூடச் சிலேட்டு மாதிரி இருக்கிறது என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று நான் கேட்கவில்லை. இரண்டாவதுக்குத் தும்மினார். மூன்றாவது மெதுவாக எரிகிற ரகம். கனமான குண்டை அதுதான் பதறாமல் தள்ளிக்கொண்டு போகும். அதன் புகையைக் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் உள்ளே இழுத்தார்.

“இது நல்லா இருக்கு,” என்றார். “ஒரு தீர்மானமா இருக்கு.”

எனக்கும் அந்த மருந்துதான் பிடிக்கும். அதைச் சொல்லக் கூடாது என்பதால் சொல்லவில்லை. ஆனால் அவர் போன பிறகு தராசைத் துடைக்கும்போது மனசு நிறைவாக இருந்தது. சிலர் எதையாவது காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் தேர்ந்தெடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நகர மண்டபத்தில் குலுக்கல். வேட்டை அலுவலர் கில்பர்ட் சார் பித்தளைக் குடத்துக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“தணிகாசலம், தபால் நிலைய எழுத்தர், மூன்றாவது குறுக்குத் தெரு.”

தணிகாசலம் என் கணவர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஐந்தாவது தடவையும் பார்ப்பார். கோடைக்காலத்திலும் குடை எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். தபால் நிலையத்தில் முகவரி சரியில்லாத கடிதம் ஒன்று வந்துவிட்டால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது. யாரோ அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்களே என்பார். எங்கள் மகள் பூங்கோதை கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அவள் விடுதிக்குப் போன முதல் வருடம், கோயம்புத்தூரில் மழையா என்று தினமும் மூன்று வேளை விசாரித்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கவலைப்படாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அவரோடு வாழ்வது கஷ்டமில்லை. கவலைப்பட வேண்டியதையெல்லாம் அவரே பட்டுவிடுவார், எனக்கு மிச்சம் இருக்காது.

எட்டு வருடத்துக்கு முன் மலைப்பாதையில் பேருந்து சாய்ந்தபோது அவருடைய வலது தோள் எலும்பு உடைந்தது. சேர்ந்ததும் சரியாகச் சேரவில்லை. மழை நாளில் சட்டை மாட்ட நான்தான் கை கொடுக்க வேண்டும். நூற்றைந்து குன்றிமணிக் குண்டு அந்தத் தோளில் இடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இடது பக்கம் வைத்துச் சுடலாம் என்றால் இடது கண்ணில் பார்வை மங்கல்.

அன்று மாலை சாப்பிடாமல் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“தோளை நினைச்சுதானே?” என்று கேட்டேன்.

“தோள் போனா போகுது நீலா. இடிக்கும்னு பயந்து நான் கண்ணை மூடிட்டா? குண்டு எங்கேயோ பட்டு அவர் தவிச்சார்னா?”

கடமானின் அம்மாவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. புதன்கிழமை அமர்வில் பேசுவதை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கில்பர்ட் சார் அவரைச் சரிவுக்குக் கூட்டிப்போய்க் காலித் துப்பாக்கியைப் பிடித்துப் பழக்கினார். கடமான் நிற்க வேண்டிய தூரம் இருநூறு கஜம். துப்பாக்கியின் மேல் பின்பக்கம் ஒரு சின்னத் தகடு உண்டு. தூரத்தில் இருப்பதைச் சுட அதை நிமிர்த்த வேண்டும், பக்கத்தில் இருப்பதைச் சுட மடக்க வேண்டும். கில்பர்ட் சார் அதை இருநூறுக்கு நிமிர்த்தி வைத்தார். என் கணவர் அதையும் நாலு தடவை பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது புதன்கிழமை கடமான் வந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. பித்தளைக் கூட்டை முன்தினமே துலக்கி, அடியில் நெருப்பு எழுப்பும் பொறிமூடியைப் பதித்து வைத்திருந்தேன். அவர் கண்முன்னால் மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்த வேண்டியதுதான் பாக்கி. தராசில் மருந்தை இட்டேன். கூடிவிட்டது. எடுத்தேன். குறைந்துவிட்டது. மறுபடி இட்டேன்.

“இன்னைக்கு உங்க கை நிக்கலை,” என்றார் கடமான்.

“குளிர் அதிகம்.”

“போன புதன்கிழமை இதைவிடக் குளிரா இருந்துச்சு.”

சுடுகிறவர் யார் என்று நிரப்புகிறவர் சொல்லக் கூடாது. ஆனால் கடமான் நேராகக் கேட்டால் பொய்யும் சொல்லக் கூடாது. இரண்டும் அடுத்தடுத்த விதிகள். அவர் நேராகக் கேட்டார்.

“யாரு சுடறாங்க?”

“என் வீட்டுக்காரருங்க.”

கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் வாசல் வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

“எப்படிப்பட்டவர்?”

சொன்னேன். தோளைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். பூட்டு, குடை, முகவரி சரியில்லாத கடிதம், கோயம்புத்தூர் மழை எல்லாம் வந்துவிட்டது. கடமான் தவிப்பாரே என்று கணவர் சாப்பிடாமல் இருந்ததையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது தராசுத் தட்டில் கிடந்த மருந்து என் மூச்சுப்பட்டுக் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

“மாத்தலாமா?” என்று கேட்டார்.

“மூணாவது அமர்வுல ஒரு தடவை மாத்தலாம்.”

“எழுபத்தெட்டு போடுங்க. மருந்தும் குறைச்சுப் போடுங்க. தோள்ல இடிக்கக் கூடாது.”

“இருநூறு கஜத்துக்கு அது போதாதுங்க.”

“நான் பக்கத்துல நிக்கறேன். அறுபது கஜம்.”

“எலும்புல பட்டா உடையும்னு சொன்னேனே.”

“சொன்னீங்க.”

“மூணு நாள்…” என்று ஆரம்பித்தேன்.

“அறுபது கஜத்துல அவர் சரியாத்தான் சுடுவார்,” என்றார் கடமான். “ஒரு வேலையை நாலு தடவை பார்க்கிறவர் கை தப்பாது. நீங்க நிரப்புங்க.”

நூற்றைந்தை எடுத்து டப்பாவில் போட்டேன். சின்ன அளவு மருந்தை நிறுத்தேன். இந்தத் தடவை கை நின்றது. கூட்டுக்குள் மருந்து மணல் போல இறங்கியது. எழுபத்தெட்டைக் கூட்டின் வாயில் நிறுத்தி, அச்சின் கைப்பிடியை ஒரே சீராக அழுத்தினேன். தோட்டாவைத் துணியில் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். விளக்கடியில் நன்றாக மின்னியது. நான் நிரப்பியதிலேயே அதுதான் நேர்த்தியானது என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் பார்த்தார். பதிவேட்டில் குளம்பு பதித்தார். எடையும் தூரமும் மாறியதற்கான படிவத்தைக் கில்பர்ட் சாருக்கு அனுப்பினேன். அவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேட்டுக்குப் போனோம். வானம் தெளிந்திருந்தது. என் கணவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். குடையை என்னிடம் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். கடமான் சரிவில் ஏறி வந்து அறுபது கஜத்தில் நட்டிருந்த குச்சிக்குப் பக்கத்தில் நின்றார். தோட்டா துப்பாக்கிக்குள் போகும்வரை பேசலாம். போன பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

“வணக்கமுங்க,” என்றார் என் கணவர், கொஞ்சம் சத்தமாக.

“வணக்கம். தோள் எப்படி இருக்கு?”

“பரவாயில்லைங்க. உங்களுக்கு வெயில் கண்ணுல அடிக்குதா? வேணும்னா அந்தப் பக்கம் நின்னுக்கலாம்.”

“இல்லை, இது சரியா இருக்கு.”

“நான் இதுக்கு முன்னாடி சுட்டதில்லைங்க.”

“நானும் நின்னதில்லை,” என்றார் கடமான்.

இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். நான் தோட்டாவைக் கொடுத்தேன். என் கணவர் அதைத் துப்பாக்கிக்குள் போட்டார். பேச்சு நின்றது.

துப்பாக்கியைத் தோளில் வைத்தபோதுதான் பார்த்தேன். தகடு நிமிர்ந்தே இருந்தது. படிவம் போய்விட்டதே தவிர, துப்பாக்கியில் யாரும் கை வைக்கவில்லை. கை வைக்க வேண்டியது நான்தான். தோட்டாவைக் கொடுக்கும்போது தகட்டைச் சரிபார்ப்பது நிரப்புகிறவர் வேலை. பத்து வருடம் ஒரு தடவையும் மறக்காததை அன்று மறந்திருந்தேன். இருநூறுக்கு நிமிர்ந்த தகட்டோடு அறுபதில் சுட்டால் குண்டு அவர் முதுகுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போய்விடும்.

பேசத்தான் கூடாது. கையை உயர்த்தலாம். கையை உயர்த்தினால் கில்பர்ட் சார் நிறுத்திவிடுவார், தகட்டை மடக்கலாம்.

கடமான் இடது முன்னங்காலை ஓரடி முன்னால் எடுத்து வைத்தார். அப்படி வைத்தால் தோளுக்குப் பின்னால் இடம் திறக்கும், சுடுகிறவருக்கு வசதி. அவர் கண் என் கணவர்மேல் இருந்தது. அதில் கொஞ்சம் அக்கறை தெரிந்தது. தகட்டை மடக்கினால் எழுபத்தெட்டு குன்றிமணி அந்த இடத்துக்குப் போகும். எலும்பில் படாமல் போகலாம். பட்டால் மூன்று நாள். மடக்காவிட்டால் நான் சட்டை மாட்டிவிடுகிற மனிதர் காட்டுக்குப் போய்விடுவார். இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். தராசில்லாமல் நிறுத்து எனக்குப் பழக்கமில்லை. இரண்டு கையாலும் குடைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். உயர்த்தவில்லை.

வெடித்தது. பெரிய சத்தமில்லை, கனத்த புத்தகம் ஒன்று தரையில் விழுந்த மாதிரி. கடமானுக்குப் பின்னால் நின்ற மரத்திலிருந்து ஒரு சின்னக் கிளை ஒடிந்து விழுந்தது.

“பட்டுச்சா?” என்று கேட்டார் என் கணவர்.

“இல்லை,” என்றார் கடமான்.

என் கணவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். தோளைத் தடவிப் பார்த்தார். “வலிக்கவேயில்லை நீலா,” என்றார்.

கில்பர்ட் சாரிடம் தகட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பதிவேட்டைத் திறந்தார். ‘தகடு நிமிர்ந்திருந்தது. நிரப்பியவர் உடனிருந்தார்’ என்று எழுதினார். அடியில் நான் கையெழுத்திட்டேன்.

இடமாற்றம் அங்கேயே நடந்தது. நண்பகல் வரை ஆயிற்று. கடமான் என் கணவரை உட்கார வைத்து, எந்த ஊற்று கோடையில் வற்றும், கிழக்குக் காற்றில் எந்தச் சரிவில் படுக்க வேண்டும், செந்நாய் வந்தால் எந்தப் பாறையில் ஏற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என் கணவர் சட்டைப் பையிலிருந்த பேனாவால் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். பிறகு தன் பங்குக்குச் சொன்னார். மோட்டாரை இருபது நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. பின்கதவுத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கிப் போட வேண்டும். நீலாவுக்கு வெள்ளிக்கிழமை தலைவலி வரும், பேசாமல் விட்டுவிட வேண்டும். எனக்கு வெள்ளிக்கிழமை தலைவலி வரும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

குடையைக் கணவரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். இறங்குகிறவரை பார்த்துக்கொண்டு நின்றோம். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கை ஆட்டினேன். அப்புறம் நானும் கடமானும் நாலரை மணிப் பேருந்துக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

முதல் வாரம் எனக்கு வீட்டில் எதைத் தொட்டாலும் கை கூசியது. கடமான் கார் நிறுத்தும் கொட்டகையில் படுத்துக்கொண்டார். எங்களுக்குக் கார் கிடையாது, கொட்டகை மட்டும் உண்டு. காலையில் வாசல் தெளிக்கும்போது எழுந்து நின்று வழிவிடுவார். சந்தைக்கு அவரே போனார். கத்தரிக்காய் வாங்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துத்தான் எடுப்பார். அவர் எடுத்த கத்தரிக்காயில் ஒன்றிலும் புழு இல்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனார். முகவரி சரியில்லாத கடிதங்களை மோந்து பார்த்தே யாருக்கு என்று சொல்லிவிடுகிறாராம். ஒரு மாதத்தில் பழைய பெட்டியில் கிடந்த எல்லாக் கடிதமும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பூங்கோதை விடுமுறைக்கு வந்தாள். எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள். “அப்பான்னு கூப்பிட வேண்டாம்மா. அவர் இருக்கார்,” என்றார் கடமான். அவள் வயதும் இவர் வயதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவள்தான் மூத்தவள். கடைசியில் அங்கிள் என்று வைத்துக்கொண்டார்கள். அவள் விடுதிக்குத் திரும்பிய பிறகு, கோயம்புத்தூரில் மழையா என்று விசாரித்தார். ஒரு வேளைதான் விசாரித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டு ஓரத்து உப்புத் தரைக்குப் போய் என் கணவரைப் பார்ப்பேன். முதல் ஞாயிறு ஒரு பெரிய பட்டியலோடு வந்தார். செந்நாய், அட்டை, பனி, நான் தனியாகத் தண்ணீர் தூக்குவது. இரண்டாவது ஞாயிறு பட்டியல் பாதியாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு வந்து, கல்லில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. தோள் நேராகியிருந்தது மாதிரி பட்டது. கேட்டதற்கு, ஏறி இறங்குவதால் இருக்கும் என்றார்.

அன்றுதான் சொன்னேன்.

“அன்னைக்குத் தகடு நிமிர்ந்திருந்துச்சு. நான் பார்த்தேன். கையைத் தூக்கலை.”

அவர் விரலில் ஒட்டியிருந்த பொடியைத் துடைத்துக்கொண்டார்.

“நானும் பார்த்தேன்,” என்றார்.

“எப்போ?”

“தோட்டா போடறதுக்கு முன்னாடியே. பூட்டையே நாலு தடவை இழுத்துப் பார்க்கிறவன், அதைப் பார்க்க மாட்டேனா?”

“அப்புறம் ஏன் மடக்கலை?”

“அவர் என் தோளைக் கேட்டார்,” என்றார். “எட்டு வருஷத்துல நீயும் டாக்டரும் தவிர யாரும் கேட்டதில்லை.”

மான் கூட்டம் ஒன்று வந்து உப்பை நக்கிவிட்டுப் போனது. ஒரு குட்டி அவருடைய முழங்கையில் உரசிக்கொண்டு நின்றது. அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தார்.

“வீட்டுக்கு வரணும்னு இருக்கா?” என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை வர்றேன். கில்பர்ட் சார்கிட்ட கேட்டேன், பகல்ல வரலாமாம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இங்கே பூட்டுறதுக்கு ஒண்ணுமில்லை நீலா. படுத்த உடனே தூக்கம் வருது,” என்றார்.

அவர் தூங்கி எழுந்த முகம் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. நன்றாக இருந்தது. அதையும் சொன்னேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு வருகிறார். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். கடமான் தபால் நிலையத்துச் செய்தி சொல்வார், அவர் சரிவுச் செய்தி சொல்வார். நான் சமைப்பேன். ஒருவருக்குச் சாம்பார் சாதம், ஒருவருக்குத் தழை. மூன்று பேருக்கும் காபி உண்டு. வெள்ளிக்கிழமை எனக்குத் தலைவலி வந்தால் கடமான் பேசாமல் விட்டுவிடுகிறார்.

போன மாதம் எதிர்வீட்டு மாடிப் போர்ஷனுக்கு ஒரு சின்ன நதி குடிவந்தது. மேற்கே எங்கோ இடம் போதவில்லையாம். சாமான் அதிகமில்லை, கூழாங்கற்களும் கொஞ்சம் நாணலும்தான். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுவதாக வந்து கூப்பிட்டது. தணிகாசலமும் வந்திருந்ததால் மூன்று பேரும் போனோம். படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். நதி பாலில் சர்க்கரை அளவாகப் போட்டிருந்தது. தெருவில் குப்பை வண்டி எப்போது வரும் என்று விசாரித்தது. நாங்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று கேட்டது. மூன்று பேரும் கொஞ்சம் யோசித்தோம். “ஒரே வீடு,” என்றார் கடமான். நதி மேற்கொண்டு கேட்கவில்லை. கிளம்பும்போது வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு மீன் கொடுத்தது. கடமான் மீன் சாப்பிடுவதில்லை. அவருடையதையும் நானே முந்தானையில் வாங்கிக்கொண்டேன்.